ஈரத்தில் பாடிய கீபோர்டு

கோட்டுச்சேரி மாதா கோயிலில் பல வருடமாகக் கீபோர்டு வாசிப்பவள் ஆரோக்கியசெல்வி. காரைக்காலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அங்கே எது கேட்டாலும் கை தானாகச் சரியான அடுக்குக்குப் போகும். கோயில் பாட்டுகளும் அவளுக்கு அப்படித்தான், கை தானாகப் போகும்.

ஐப்பசி மழையில் கோயில் அறை ஒழுகிக் கீபோர்டு நனைந்துபோனது. ஒத்திகைக்கு வந்தவள் அதைத் துடைத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினாள். வரவேண்டிய சுரம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே கீழே இறங்கி, தொண்டை கட்டியவர் முனகுவதுபோல் இழுத்து, சட்டென்று மேலே தாவியது. பாட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வி மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை வேறு மாதிரி வந்தது.

"புதுசு வாங்கிடலாம்மா. இத எடைக்குப் போட்டுடுங்க" என்றார் பங்குச்சாமியார்.

"எடைக்கு வேணாம் சாமி, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேனே."

அவள் கணவன் ரொனால்டு இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பவன். ஷாக் அடிக்காமல் இருக்க, கீபோர்டைப் பேட்டரியில் மட்டும் ஓடும்படி செய்துகொடுத்தான். மாலையில் வேலை விட்டு வந்ததும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார் அடுத்த தெரு சோமசேகரன், கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிப்பவர். மறுநாளே டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இருவரும் சேர்ந்து வாசித்ததை ரொனால்டு போனில் பதிந்து இணையத்தில் போட்டான்.

புதுச்சேரியிலிருந்து தேவிகா என்ற பெண் கூப்பிட்டாள். வீட்டிலிருந்தபடியே சின்னதாக ஒரு இசை லேபிள் நடத்தி, ஆல்பங்கள் வெளியிடுபவள்.

"அக்கா, அது என்ன சிந்தசைசர்?"

"கோயில் கீபோர்டுங்க. மழையில நனைஞ்சிடுச்சு."

தேவிகா சிரித்து ஓய்ந்தாள். "இத ஒரு ராக் ஆல்பமாப் போடலாமா?"

"பாட்டு ஒண்ணுமே இல்லியேங்க?"

"பாட்டு வேணாங்க்கா. நீங்க இப்ப வாசிக்கிற மாதிரியே வாசிங்க, போதும்."

பதிவு வரைக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று செல்வி கீபோர்டைச் சில வாரமாகத் தொடவில்லை. மாசியில் தேவிகா ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. வெயிலில் ஈரம் காய்ந்து, கீபோர்டு ஒழுங்காக ஒலித்தது! செல்வி எல்லாக் கட்டைகளையும் தட்டிப் பார்த்தாள். சுத்தமான சுரங்கள். இவ்வளவு தூரம் வரவைத்துவிட்டோமே என்று அவள் முகம் சுண்டிப்போனது.

"நனைஞ்சதுனால வந்த சத்தந்தானே? நனைச்சுப் பாப்போம்" என்றான் ரொனால்டு.

"கெட்டுப்போயிடாதுங்களா?" என்றாள் செல்வி.

"கெட்டதக் கேக்கத்தானே வந்திருக்காங்க."

பின்பக்கத்தைக் கழற்றினான். செல்வி பஞ்சை நனைத்து உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் அங்கங்கே வைத்தாள். வெறும் தண்ணீருக்கு லேசான இரைச்சல் வந்தது. அவளுக்கு வேறொரு யோசனை தோன்றியது. கடையிலிருந்து வாங்கி வீட்டில் வைத்திருந்த உப்புநீர்ச் சலைன் பாட்டிலைத் திறந்து அதில் பஞ்சைத் தோய்த்து வைத்ததும், கீபோர்டு ஊளையிட்டது. "ஆ!" என்று அவளே கத்திவிட்டாள். அதன்பிறகு பஞ்சை ஒரு விரல் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதே அவள் வேலையாகிவிட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழவில்லை.

மறுநாள் பிற்பகல், நடுப்பாட்டில் கருகல் வாசனை வந்தது. கீபோர்டுக்குள் இருந்த குரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. ஆர்கன், வயலின், புல்லாங்குழல், எல்லாம். செல்வி கையை எடுத்துவிட்டாள், சத்தம் நிற்கவில்லை. சோமசேகரன் விடாமல் அடித்தார். ஒவ்வொரு குரலாக அணைந்து, கடைசியில் டிரம்ஸ் மட்டும் மிஞ்சியது. கீபோர்டு அதன்பிறகு உயிர்பெறவில்லை. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. தேவிகா அந்தப் பதிவை வெட்டாமல் ஆல்பத்தின் கடைசியில் வைத்தாள்.

ஆல்பத்தை வாங்கியவர்கள் கொஞ்சம்தான். "ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி இருக்கு செல்வி" என்றார்கள் பாடற்குழுவில். பங்குச்சாமியார் மட்டும் முழுசும் கேட்டுவிட்டு, திருப்பலி முடிந்ததும் அவளை நிறுத்தினார்.

"அந்த மூணாவது பாட்டுல யாரோ அழுவுற மாதிரி வருதே, அது எப்படிம்மா?"

செல்வி வாசலிலேயே நின்று விளக்க ஆரம்பித்தாள். ரொனால்டு வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.