ஓரகத்தி இறக்கிய சுண்ணாம்பு

மாமனார் நிலத்தைப் பிரித்தபோது கயிறு பிடித்துத்தான் அளந்தார். ஆனாலும் என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, அவள் பக்கத்தில் உளுந்து எப்போதும் ஒரு பிடி கூடுதலாகவே விளையும். அதே கரிசல், அதே மழை, நடுவில் ஒரு வரப்புதான். எங்கள் வீட்டு ஆண்கள் இருவருக்கும் வெளியூரில் வேலை என்பதால் வெள்ளாமை எங்கள் இரண்டு பேர் பாடு. எனக்கு வயிறு எரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு வருடத்துக்கு முன், புரட்டாசி விதைப்பு நெருங்கிய சமயம். ரோட்டோரம் அவள் தரிசாகப் போட்டிருந்த துண்டில் சுண்ணாம்புத் தூள் மூட்டைகள் வந்து இறங்கின. தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, டிராக்டரை விட்டு மண்ணோடு புரட்டினார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் மேற்பார்வை பார்த்தாள். ஓகோ, அம்மாளின் வித்தை இதுதானா என்று நினைத்தேன். எதுக்குட்டி இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளிடம் போய் நான் கேட்பதா?

மறுநாளே கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

"மீன் குட்டைக்கு வாங்குதாவ, சீனி ஆலைக்குப் போவுது, தோல் கம்பெனிக்குப் போவுது. உங்களுக்கு எதுக்குக்கா?" என்றார் கடைக்காரர்.

"வெள்ளையடிக்க."

"இத்தன மூட்டையா? வீடு அம்புட்டுப் பெருசா?"

அவளைவிட நாலு மூட்டை கூடுதலாக இறக்கினேன். விதைக்கிற நிலம் முழுக்க நானே தூவினேன். கை வெந்து தோல் உரிந்தது. மனசு மட்டும் குளுகுளுவென்று இருந்தது.

மழை பெய்தது, விதைத்தேன், முளைத்தது. மூன்றாவது வாரம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். வருடத்துக்கு எங்களுக்கு அந்த ஒரு வெள்ளாமைதான். வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் உளுந்து கருகருவென்று நின்றது.

அவளே வரப்பைத் தாண்டி வந்தாள். "என்னத்தக்கா போட்டிய?"

"நீ போட்டதத்தான்."

அவள் ரோட்டோரத் துண்டைத் திரும்பிப் பார்த்தாள். "அது வீடு கட்டுதுக்குல்லாக்கா! கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். சுண்ணாம்பு கலந்து இறுக்குனா அசையாதுன்னு இஞ்சினியர் சொன்னாரு. வெதைக்கிற காட்டுக்கு ஆராச்சும் போடுவாவளா? நம்ம மண்ணுல ஏற்கெனவே சுண்ணாம்புக்கல்லாத்தான கெடக்கு."

"வீடு கட்டப்போறேன்னு ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுத வரைக்கும் சொல்லாதன்னு அவிய சொன்னாவ. கண்ணு பட்டுரும்னு."

"ஆரு கண்ணு?"

"உங்க கண்ணுதாங்க்கா."

கண் பட்டு மஞ்சள் பூத்துக் கிடந்ததோ என் நிலம். இரும்புச் சத்துக்காக அன்னபேதி உப்பைக் கரைத்து இரண்டு நாள் காலையில் அவளே வந்து மருந்தடித்தாள். பாதி உளுந்து தேறியது. அவள் அப்படி வந்து உதவியதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கோடையில் என் வீட்டுச் சுவர் வெடிப்பில் விரலே நுழைகிறது. ரோட்டோரத் துண்டில் அவள் கட்டிய புது வீட்டுக்குப் போனால், "இருங்கக்கா, காப்பி போடுதேன்" என்று உள்ளே போவாள். அவள் தலை மறைந்ததும் நான் சுவரோரமாகக் கால் கட்டைவிரலால் தரையைத் தடவிப் பார்ப்பேன். இன்னும் ஒரு கீறல்கூட அகப்படவில்லை.