பிள்ளைக்காக நான் வாய் மூடியிருந்த இருபத்தேழு நாள்

போன வருடம் ஆனி மாதம் என் மகன் கதிருக்கு இரண்டரை வயது முடிந்தது. அதுவரை அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். நினைத்தது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து தலையை முட்டுவான், கடிப்பான். என்ன வேண்டும் என்று அவனுக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் விளங்காது. கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுவோம்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே. தென்காசியில் வாடகை வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்தான். ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். சோறு ஊட்ட ஃபோன், அழுகையை நிறுத்த ஃபோன். ஒருநாள் அவன் என் தோளைக் கடித்தான். திருப்பிக் கடித்தால் பயந்து விட்டுவிடுவான் என்று யாரோ சொன்னதை நம்பி, அவன் கையை நான் கடித்தேன். பல் பட்ட இடம் சாயங்காலம் வரை சிவந்து கிடந்தது. சாமி எனக்குச் செய்ததைச் சொல்ல வந்துவிட்டு, நான் செய்ததை மறைத்தால் அது நியாயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மாதம் சுவாதி நட்சத்திரத்தன்று கீழப்பாவூர் நரசிம்மர் சந்நிதிக்குப் போனேன். கூட்டத்தைக் கண்டு கதிர் வீறிட்டான். பிள்ளையை அடக்கத் தெரியாதா என்று ஒரு அம்மாள் கேட்டார். எனக்கு உடம்பே கூசிவிட்டது. அங்கேயே நின்று நேர்ந்துகொண்டேன். என் பேச்சை எடுத்துக்கொள், அவனுக்குக் கொடு என்று. நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம். எழுந்ததிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றும் வரை வாய் திறக்க மாட்டேன். இப்படி இரு என்று யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவு.

கடைக்குத் துண்டுச்சீட்டு, அக்கம்பக்கத்துக்குக் கைஜாடை. விளக்கேற்றிய பிறகு வீட்டுக்காரரோடு பேசுவேன். அதற்குள் கதிர் தூங்கி வழிவான். என் பக்தியை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமைதான். பகல் முழுவதும் எங்கள் வீட்டில் ஃபோனைத் தவிர வேறு குரலே இல்லை என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

இருபத்தேழாம் நாள் ஆடி மாதத்தில் வந்தது. குற்றாலத்தில் நல்ல சாரல். என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்தார். ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு ஈரச்சேலையோடு துண்டை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் கதிர் இல்லை.

மதினி ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம் ஓடினேன். கடைகளைத் தாண்டி, வண்டிகள் நிற்கிற இடத்தில் அவனைப் பார்த்துவிட்டேன். ஒரு வேன் பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் சக்கரத்தைப் பார்த்தபடி நிற்கிறான். எனக்கும் அவனுக்கும் நடுவே அவ்வளவு கூட்டம். கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிவிட்டேன். இன்றைக்கு விரதம் முறிந்தால் இவன் கடைசி வரை ஊமையாகப் போய்விடுவான் என்று ஒரு பயம். ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். பெற்ற பிள்ளை சக்கரத்தடியில் நிற்கும்போது வாய் மூடி நின்ற தாய் நான்.

பிறகு கத்தினேன்.

“ஏலே கதிரு!”

அவன் திரும்பவில்லை. ஆனால் ரம்புட்டான் பழம் விற்ற ஒரு அம்மாள் திரும்பினார். என் கண் போன திசையைப் பார்த்து, எட்டி அவனைத் தூக்கிவிட்டார். வேன் அவர் கூடையைச் சாய்த்துவிட்டு நின்றது. பிள்ளையை என்னிடம் கொடுத்தார்.

“ஏ தாயி, இவ்வளவு சத்தத்துக்கும் பிள்ள திரும்பலியே, காது கேக்குதான்னு பாத்தியளா?” என்றார்.

அந்தக் கேள்விதான் மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது. காதைச் சோதித்தார்கள். காதில் குறை இல்லை. வளர்ச்சிதான் தாமதம் என்று சொல்லி, பேச்சுப் பயிற்சி தரும் மேடத்திடம் அனுப்பினார்கள். வீட்டில் பிள்ளையிடம் யார் பேசுவீர்கள் என்று அவர் கேட்டார். நான் விரதத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“அதனால இது வரலம்மா. ஆனா ஒரு மாசம் சும்மா போச்சுல்லா. இனி நீங்க பேசணும். சோறு பிசைஞ்சா சொல்லுங்க, துணி மடிச்சா சொல்லுங்க. தரையில உக்காந்து அவன் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. அவன் அடம் புடிக்கல, சொல்லத் தெரியாமத்தான் கடிக்கான்.”

அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இருபத்தேழு நாள் என் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருப்பானோ என்னவோ. விரதத்தை முறித்ததற்குச் சாமி கோபிக்கும் என்று பயந்தேன். முறிக்க வைத்ததே சாமிதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஃபோனை அலமாரியில் பூட்டினேன், கதிர் தூங்கிய பிறகுதான் எடுப்பேன். முதல் வாரம் கதிர் சுவரில் முட்டி முட்டி அழுதான். அடிக்காமல், மிரட்டாமல், தலைக்குத் தலையணையை அண்டக்கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். ஏட்டி, நீ பேசுத பேச்சில் பிள்ளை பயந்து பேசிவிடுவான் என்று வீட்டுக்காரர் ஃபோனில் கேலி செய்வார். ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தை மாதம் ஒருநாள் சோறு ஊட்டும்போது என் கையைத் தள்ளிவிட்டு, “போ” என்றான். கடிக்கவில்லை. சொன்னான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அந்த மாதச் சுவாதிக்குப் பானகம் கரைத்து நரசிம்மருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது அவனுக்கு மூன்றரை வயது. அவன் சொல்லும் சொற்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவன் வயதுப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் இன்னும் அங்கேயே நின்றுவிடுவேன். உங்கள் வீட்டில் பேசாத பிள்ளை இருந்தால், என் கும்பிடு கேட்டவர் உங்கள் கும்பிட்டையும் கேட்பார், நம்புங்கள். கும்பிட்ட கையோடு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

அம்மா என்று அவன் இன்னும் கூப்பிடவில்லை. அடுத்த சுவாதிக்குக் கீழப்பாவூர் வருகிறவர்கள் அவன் பெயருக்கும் ஒரு அர்ச்சனை சொல்லுங்கள். கதிர், பூச நட்சத்திரம், கடக ராசி.