சிடிடிக்கு வைத்த சந்தனம்

1. கடலில் உப்பில்லை

ஆயுத பூசை முடிந்த வாரம் சென்னையிலிருந்து எங்கள் தலைமை விஞ்ஞானி போன் செய்தார்.

"என்ன தமிழ்ச்செல்வி, ராமேஸ்வரத்துல கடலுக்கு உப்புப் போட மறந்துட்டீங்களா?"

அவர் கேலி பேசினால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

எனக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம். கண்மாய்த் தண்ணீரில் வளர்ந்து, கடலை அளக்கும் வேலைக்கு வந்தவள். மாதம் ஒருமுறை மீனவர் முனியசாமியின் வள்ளத்தில், தீவுக்கு வடக்கே இருக்கும் வடகடலுக்குப் போவோம். குறித்த இடங்களில் சிடிடியைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்று பதியும் கருவி அது. அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. கடல்நீர் அதில் தடையில்லாமல் ஓடினால்தான் உப்பின் அளவு சரியாக வரும்.

வாடைக்காற்று பிறந்த பிறகு, வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இந்தப் பக்கம் இறங்கும். எந்த ஆண்டு அது முந்துகிறது, எந்த ஆண்டு பிந்துகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பல ஆண்டு அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பருவநிலையின் போக்கு பிடிபடும். நடுவில் ஒரு மாதம் ஓட்டை விழுந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

கருவியைக் கழற்றினேன். குழாய்க்குள் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"முனியசாமி, இதென்னய்யா?"

"எஞ்சினுக்கு வச்சேன், நங்கூரத்துக்கு வச்சேன். இது மட்டும் என்னக்கா பாவம் பண்ணுச்சு? மிச்சத்தைக் கரைச்சு உள்ளயும் ஊத்திவிட்டேன்" என்றார் பெருமையாக.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழாயைக் கழுவி, மறுபடியும் போய் அளந்தோம். உப்பு வந்துவிட்டது. அன்று முதல், சிடிடி இறக்கும் இடத்தில் எல்லாம் ஒரு பாட்டில் கடல்நீரும் பிடித்து வைத்துக்கொள்வேன்.

2. மறுபடியும் சந்தனமா?

அடுத்த ஆண்டு. வாடை இன்னும் பிறக்கவில்லை. ஆயுத பூசை கழிந்து போய் அளந்தால், பழையபடி உப்புக் குறைவு.

"மறுபடியும் சந்தனமா? அந்த மாச அளவு பூராவுக்கும் ஃபிளாக் போட்டுடுங்க. வள்ளத்தையும் மாத்துங்க" என்றார் தலைமை விஞ்ஞானி. ஃபிளாக் போடுவது என்றால், தப்பான அளவு என்று குறித்து ஒதுக்கிவிடுவது. அப்புறம் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

இதைச் சொன்னதும் முனியசாமியின் முகம் சுண்டிவிட்டது. "இந்தத் தடவை பொட்டி மேல ஒரே ஒரு பொட்டுதான்க்கா. கருவியத் தொடவே இல்ல. அந்தக் கடல் மேல சத்தியம்."

குழாயைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடல் நிஜமாகவே மாறியிருந்தால், நாங்கள் இத்தனை காலம் காத்திருந்த அளவையே எங்கள் கையால் அழித்தவர்கள் ஆவோம். உடனே சென்னைக்குப் போன் போட்டேன்.

"சார், பாட்டில் தண்ணி இருக்கு. அத அளந்து பாக்காம ஃபிளாக் போட மாட்டேன்."

"உங்க இஷ்டம். திரும்பவும் ஏமாந்தா நல்லா இருக்காது."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆய்வகத்தில் பாட்டில் நீரை ஒவ்வொன்றாக அளந்தோம். எல்லா இடத்திலும் சிடிடி சொன்னதையே பாட்டிலும் சொன்னது. வங்கக் கடல் நீர் அந்த ஆண்டு முந்திக்கொண்டு வந்திருந்தது. தலைமை விஞ்ஞானிக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னேன்.

"ஃபிளாக் வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்றவர், "வள்ளமும்" என்றார்.

3. பொட்டு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளவு வித்தியாசமாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். கருவி சுத்தம் என்று தெரிந்துவிட்டால் கடலை நம்புங்கள். போன வருடத்துச் சந்தனத்துக்கு இந்த வருடத்துக் கடல் என்ன செய்யும்?

இந்த ஆயுத பூசைக்கு சிடிடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். "பயப்படாதீகக்கா" என்று சிரித்த முனியசாமி, தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கமாகச் சந்தனம் வைத்தார்.

"அன்னைக்கு நமக்குச் சாட்சி சொன்னது இதுகதானக்கா?"

குங்குமத்தை நான் வைத்தேன்.