மடித்து வைத்த தாள்

மாதத்துக்கு ஒரு முறை என் பேத்தி அடுத்தவர்களின் இரத்தத்தில் சிவக்கிறாள். நாலு வயது. வார்டில் இரத்தம் ஏற்றி வந்த நாளில் வீட்டு வளவெல்லாம் ஓடுவாள். மூன்றாம் கிழமை உதடு வெளுத்துச் சுவரில் சாய்ந்து நிற்பாள். கடல் பெருகுவதும் வற்றுவதும் போல என்று முன்பொரு முறை எழுதினேன். கிழித்துவிட்டேன். கடலுக்கு யாரும் ஊசி குத்துவதில்லை.

மகளுக்கும் மருமகனுக்கும் நோயில்லை. ஆளுக்கொரு பழுதான பாதியை இரத்தத்தில் சுமக்கிறார்கள். இரண்டு பாதியும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் தலசீமியா.

மருமகன் என் கூடப்பிறந்த ராத்தாவின் மகன். மகள் தொட்டிலில் கிடக்கும்போதே மூத்தவரான ராத்தாவும் நானும் பேசி வைத்தது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் நிக்காஹ் முடிப்போம். நாள் குறிக்குமுன்பே அந்த வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று.

இந்த வருடம் மகள் மறுபடி உண்டானாள். வெளிநாட்டில் கருவிலேயே மரபணுவைத் திருத்துகிறார்களாமே என்று ஒருநாள் கேட்டாள். பல நாடுகளில் அதற்குத் தடை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாவிதன்வெளி வயலுக்கு விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை அள்ளி எறிகிறோமே, அப்படிப் பிள்ளையைத் தெரிந்தெடுக்க நாம் ஆர் என்றேன். படைப்பில் கைவைக்கக் கூடாது என்றேன். நன்றாகவே கதைத்தேன்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கலியாணத்துக்கு முந்தி எடுத்த ரெத்த ரிப்போட்டை மடிச்சு அலுமாரிக்குள்ள வெச்சது ஆரு வாப்பா? அல்லாவா?”

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைத் தேடும்போது கண்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த இரண்டு தாள்களையும் வாங்கப் போனவன் நான். இந்த இரண்டு பேரும் கலியாணம் முடிக்காமல் இருப்பது நல்லது என்று தாதி சொன்னாள். ராத்தாவின் முகம் வந்தது, வீட்டின் ஓடு வந்தது. ஒன்றுமில்லையாம் என்று வந்து சொன்னேன். பேத்தியின் இரத்தத்தை அவள் கருவாகுமுன்பே எழுதிவிட்டேன். கருவியில்லை, ஆய்வுகூடமில்லை; ஒரு வீடும் ஒரு சொந்தமும் போதுமாயிருந்தன.

பிறகு கொழும்பில் கருவிலிருந்து ஊசியால் துளி எடுத்து, சோதிக்க இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நூற்றியிருபது நாளில் கருவுக்குள் ரூஹு, உயிர், ஊதப்படும், அதற்கு முன் என்றால் கலைப்பதை யோசிக்க இடமுண்டு என்று மௌலவி மருமகனிடம் சொன்னாராம். நாட்டின் சட்டம் அதற்கு முன்பும் விடாது.

நேற்று முடிவு வந்தது. ராத்தாவும் மருமகனும் இருக்க, உறையை மகள் என் கையில் தந்தாள்.

“இந்த முறை சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். இந்தப் பிள்ளைக்கும் அதுதான்.

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்தினார். மகள் கலண்டரைப் பார்த்தாள். நூற்றியிருபதுக்கு இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கு என்றாள், புருஷனிடம். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாளை மட்டும் வாங்கி, மடிக்காமல் மேசையில் விரித்து, பறக்காதபடி மேலே சீனிப் போத்தலை வைத்தாள்.