இருபதும் ஒன்றாம் நம்பர்

நான் எட்டாவது வரை படித்தவன். அந்த எட்டாவதையும் முழுசாகப் படித்தேன் என்றால் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டின ரோட்டில், சொந்தக் கட்டடத்தில், மாடியோடு, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிறதை அள்ளிக்கொண்டிருந்தேன். கூட இருந்தவர்கள் எல்லாரும் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று காத்திருந்தார்கள். எனக்குக் காத்திருக்கிற உடம்பு இல்லை. வெளியே வந்து டீக்கடை போட்டேன். பிறகு ஜெராக்ஸ், அதற்குப் பிறகு பிரவுசிங் சென்டர். பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் என் வாசலில் சைக்கிள் நிறுத்த இடமிருக்காது. இப்போது ரிசல்ட் போனிலேயே வந்துவிடுகிறது. போன வருஷம் பல நாட்கள் நானும் ஃபேனும் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்து ஃபர்னிச்சர் கடைக்காரர் வாரத்துக்கு ஒரு தரம் வந்து, "அண்ணே, எப்ப எடத்தை எனக்கு வாடகைக்கு வுடுறீங்க?" என்று சிரித்தபடியே கேட்டுவிட்டுப் போவார்.

அந்த நேரத்தில்தான் என் மருமகள், குறிஞ்சிப்பாடிப் பெண், இன்ஜினீயரிங் படித்தது, ஒரு யோசனை சொன்னது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிறைய, கம்ப்யூட்டர் குறைச்சல். அங்கே கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற டீச்சர், "உங்கள் சென்டரில் இருபது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பழக முடியுமென்றால் வருஷம் முழுக்க அனுப்புகிறேன்" என்று மருமகளிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார். பார்த்துப் பிடித்தால் சென்டர் பிழைக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் பீரோவும் கட்டிலும் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

என்னிடம் இருந்த இருபதும் பழைய பெட்டிகள். ஒன்றைத் திறந்தால் அது யோசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். மருமகள், "மாமா, இருபது புதுசு வாங்க வேணாம். பலமா ஒண்ணு வாங்குவோம். அதுக்குள்ளயே இருபது கம்ப்யூட்டர் ஓட்டலாம்" என்றது.

"ஒண்ணுக்குள்ள இருபதா? குக்கர்ல இட்லி வேகுற மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்கோங்க. வெளியில இருக்கிற பெரிய பெட்டிக்குப் பேரு ஹோஸ்ட். உள்ள இருக்கிறது விர்ச்சுவல் மெஷின். பழைய பெட்டியெல்லாம் சும்மா முகம் காட்டுறதுக்கு."

உள்ளே இருக்கிற இருபதையும் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. முதலில் ஒன்றே ஒன்றை எல்லாம் போட்டுப் பக்குவமாகச் செய்வது. அதைத் தாய் மெஷின் என்று நான் பேர் வைத்தேன். பிறகு அதை இருபது நகல் எடுப்பது. அதுதான் எனக்குப் பழகின வேலையாயிற்றே, ஜெராக்ஸ். ஆனால் நகல் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் எது எந்த மேசைக்கு என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தது மருமகள். ஒவ்வொரு மெஷினும் முதல் தடவை கண் விழிக்கும்போது ஹோஸ்ட்டிடம், "நான் யார்?" என்று கேட்கும். ஹோஸ்ட் ஒரு சீட்டு கொடுக்கும். உன் பேர் இது, உன் நம்பர் இது, உன் மேசை இது, உன் பாஸ்வேர்ட் இது. வாங்கிக்கொண்டதும், "வாங்கிவிட்டேன்" என்று தனக்குள் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளும். அதற்கப்புறம் கேட்காது.

நான் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டேன். மைன்ஸில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மேஸ்திரி நின்றுகொண்டு, நீ பெல்ட்டுக்குப் போ, நீ பம்ப்புக்குப் போ என்று பிரித்து விடுவார். கேட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டால் முடிந்தது. மேலே இருந்து அவர் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. இதைச் சொன்னதும் மருமகள், "காலேஜ்ல இவ்ளோ சுருக்கமா யாரும் சொல்லலை மாமா" என்றது. அதை ஊரில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன்.

பெரிய பெட்டி வந்து இறங்கி, வியாழக்கிழமை சாயங்காலம் தாய் மெஷின் தயார். அடையாளம் எதுவும் இல்லாமல் துடைத்து அதை அணைத்து வைத்திருந்தது மருமகள். சனிக்கிழமை நகல் எடுப்பதாக ஏற்பாடு. நடுவில் வெள்ளிக்கிழமை இருந்தது.

என் கடையில் எந்த மெஷினையும் சாமி கும்பிடாமல் முதல் ஓட்டம் ஓட்டினதில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்கும் பொட்டு, யுபிஎஸ்ஸுக்கும் பொட்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்கு முன்னாலேயே தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பெரிய பெட்டிக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தேன். பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதுசாகப் பிறந்தது உள்ளே இருக்கிற தாய்தானே? பச்சை முக்கோணத்தை அழுத்தினால் ஓடும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன். அழுத்தினேன். அழகாகக் கண் விழித்தது. கும்பிட்டுவிட்டு முறைப்படி அணைத்தேன். மருமகளிடம் சொல்லவில்லை. பூஜை போட்டதையெல்லாம் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

சனிக்கிழமை மருமகள் நகல் எடுத்து, ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்த்தது. ஓடியது. திங்கட்கிழமை காலை சீக்கிரமே வந்து எல்லாவற்றையும் போடலாம் என்றது. நான் விடவில்லை. ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். ஒன்பது அடித்த பிறகுதான் இருபதையும் போட்டோம்.

முதல் மேசையில் திரை வந்தது. இரண்டாவது மேசையில் திறந்ததும் முதல் மேசை கழன்றுகொண்டது. மூன்றாவதைத் திறந்தால் இரண்டாவது போயிற்று. மருமகள் ஹோஸ்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தது.

"மாமா, இருபதும் தன்னை ஒண்ணாம் நம்பர்னு சொல்லுது. எதுவுமே சீட்டு கேக்கலை." பிறகு மெதுவாகத் திரும்பியது. "நகல் எடுக்கிறதுக்கு முன்னாடி தாயை யாராச்சும் ஆன் பண்ணாங்களா?"

"யாராச்சும் என்ன? நான்தான்! நல்ல நேரம் பாத்து, தேங்கா ஒடச்சு..."

அது தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தது. அழுகை மாதிரியும் இருந்தது. "அய்யோ மாமா! தாயே சீட்டு வாங்கிடுச்சு. வாங்கிட்டேன்னு அடையாளமும் போட்டுகினு படுத்துடுச்சு. அதோட நகல் இருபதும் ஏற்கெனவே வாங்கிட்டதா நெனச்சுகினு எழுந்திருக்குது."

அடையாளத்தை அழித்து, மறுபடியும் நகல் எடுக்க வேண்டும். பத்து மணிக்குள் முடியாது. "டீச்சரைக் கொஞ்சம் பேச்சுல வெச்சிருங்க மாமா, அது உங்களால முடியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

டீச்சர் சரியாகப் பத்துக்கு வந்தார். கண்ணாடி, தோளில் பை, நிற்கிற நிலையிலேயே அவசரம். டீ வரவழைத்தேன். டீக்கடை வைத்த கதையைச் சொன்னேன். ஜெராக்ஸ் கதையில் பாதி போவதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயா, மெஷினைப் பாக்கலாங்களா?"

"கரண்ட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க டீச்சர்."

அவர் தலையைத் தூக்கி, சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நெய்வேலியிலயே கரண்ட்டு இல்லையா? மெட்ராஸ்ல போய்ச் சொல்லுங்க, நம்புவாங்க."

நான் எத்தனையோ பேரைப் பேசி மடக்கியிருக்கிறேன். அன்றைக்கு வேறு பொய் வாயில் வரவில்லை. எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்தார். எங்கே தப்பு என்று சொல்லி முடித்ததும், "இருபதுக்கும் ஒரே பேரா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டது பாதி எனக்குப் புரிந்தது. மீதி புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

பதினொன்று தாண்டியிருக்கும். ஒவ்வொரு மேசையாக வெளிச்சம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனிப் பேரோடு நின்றன. எதுவும் எதையும் தள்ளவில்லை. கடைசி மேசை வரை டீச்சர் நடந்து போய், தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"புள்ளைங்களை அனுப்புறேங்க. ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க டீச்சர், எதுவானாலும் செஞ்சுடுவோம்."

"கிளாஸ் இவங்க எடுக்கணும். நீங்க எடுக்கக் கூடாது. பச்சை முக்கோணத்துப் பக்கமே நீங்க போகக் கூடாது."

மருமகள் குனிந்துகொண்டு சிரித்தது. நான் கட்டடத்துக்கே சொந்தக்காரன், ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் சரிங்க என்றேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பிள்ளைகள் வருகிறார்கள். மேலே மருமகள் பாடம் சொல்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கிறது. நான் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, செருப்பைக் கண்டபடி விடுகிறவர்களை அதட்டி வரிசையாக விட வைக்கிறேன். அதையும் என்னை மாதிரி யாரும் செய்ய முடியாது.