அக்கா தீனி போட்ட குஞ்சுகள்

அறுபதுகளின் நடுவில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில். என்னோடு அக்கா இருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணமான நாலாம் வருஷம் அத்திம்பேர் டைபாய்டில் போய்விட்டார். அதற்கு முன்பே எட்டு மாதக் குழந்தை ஒன்று போயிருந்தது. தாய்ப்பால் வற்றிப்போனதால் அக்கா பசும்பால் கொடுத்திருக்கிறாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. "இவ கையாலேதான் போச்சு" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னாளாம். அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கல்லூரியில் எல்லாரும் ஏதாவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. நம் குளங்களில் அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது ஜிலேபிக் கெண்டை. வெளிநாட்டிலிருந்து வந்த சிக்லிட் இனம். தாய் மீன் முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்தே காப்பாற்றும். அந்தக் குஞ்சுகளை ஒரு தொட்டியில் விட்டு, வளர்வதை அளந்து எழுதினால் ஒரு கட்டுரை தேறும் என்று நினைத்தேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் இரும்புச் சட்டம் வைத்துத் தொட்டி செய்து வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவி, கொள்ளிடத்து மணலை அலசிப் பரப்பி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். அன்று மத்தியானமே காட்டூர்ப் பக்கம் ஒரு குளத்தில் வலை இழுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வலையைத் தூக்கியதும் ஒரு தாய் மீன் வாயைத் திறந்து குஞ்சுகளைக் கக்கியது. மீன்காரர் அதைக் கூடையில் எறிந்துவிட்டு, "பொடிசையெல்லாம் நீங்களே எடுத்துக்கங்க சார், அதுல என்ன இருக்கு?" என்றார். ஐம்பது குஞ்சுகள் இருக்கும். பால் தூக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் அப்படியே தொட்டியில் விட்டேன்.

"நம்மாத்துக்குள்ள மீனாடா?" என்றாள் அக்கா.

"வளர்க்கத்தானேக்கா. யார் சமைக்கப் போறா?"

அவள் தொட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அரிசி நீளம்கூட இல்லாத உடம்பு, அதில் பெரிய கண்கள். எல்லாம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"இதுகளோட அம்மா எங்கேடா?"

"குளத்துலதான் இருக்கு" என்றேன்.

புத்தகத்தில் முட்டையின் மஞ்சள் கரு கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அது நடக்காது. பொட்டுக்கடலையை மாவாக இடித்து, காலையும் மத்தியானமும் ஒரு சிட்டிகை போடச் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அக்கா சரியாகப் போட்டாள். பக்கத்துப் போர்ஷனில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அதற்கு மத்தியானம் அக்காதான் பருப்புஞ்சாதம் பிசைந்து ஊட்டுவாள். இப்போது தொட்டிக்கு முன்னால் உட்கார்த்தி ஊட்ட ஆரம்பித்தாள். நான் சாயங்காலம் வந்தால், எந்தக் குஞ்சு பயந்தாங்கொள்ளி, எது எல்லாவற்றையும் முட்டித் தள்ளுகிறது என்று சொல்வாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நாலாம் நாள் குஞ்சுகளெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"அதுகளுக்குப் பசிக்கறதுக்கா. மூணு வேளையாப் போடு, இன்னும் கொஞ்சம் கூடவே போடு" என்றேன்.

"தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்கறதேடா."

"நான் பசங்களுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுக்கறேன்? நீ போடு."

ஆறாம் நாள் காலையில் பன்னிரண்டு குஞ்சுகள் செத்து மிதந்தன. எனக்குப் பதற்றமாகிவிட்டது. தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, கிணற்றிலிருந்து புதிதாக இழுத்து நிரப்பினேன். மறுநாள் விடிந்து பார்த்தால் பத்துக்கும் குறைவானவைதான் நீந்திக்கொண்டிருந்தன. மற்றவை மணல்மேல் வெளுத்துக் கிடந்தன. கட்டுரை போயிற்று. துறைத்தலைவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேனே என்ற கோபம் எனக்கு.

"நேத்திக்கு எத்தனை தடவை போட்டே?" என்று கத்தினேன்.

"நீ சொன்ன மாதிரிதாண்டா, மூணு வேளை."

"கை கையா அள்ளிப் போட்டிருப்பே. எல்லாம் உன் கையாலேதான் போச்சு."

சொல்லும்போதே அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயை மூடவில்லை. அக்கா உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். கொல்லையில் வாழைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பக்கத்துப் போர்ஷன்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன்.

"மாமி, உங்க கையாலே ஊட்டினாதான் சாப்பிடறா. கொஞ்சம் பாருங்கோளேன்."

"என் கை வேண்டாம்" என்றாள் அக்கா. "நீயே ஊட்டு. என் கை வேண்டாம்."

குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு அந்தக் குழந்தைக்கு அவள் ஒரு வாய்கூட ஊட்டவில்லை. எனக்கும் பரிமாறுவதை விட்டுவிட்டாள். சமைத்துப் பாத்திரங்களை எதிரே வைத்துவிட்டு, "போட்டுக்கோ" என்று நகர்ந்துவிடுவாள்.

திங்கட்கிழமை கல்லூரி லேபில், தொட்டிகளைப் பல வருஷமாகக் கவனித்துவந்த அட்டெண்டரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"புதுத் தொட்டியா சார்? எப்ப மீன் விட்டீங்க?"

"அன்னிக்கே விட்டேன்."

"அய்யோ, அப்படி விடக்கூடாதுங்க. தண்ணி வச்சு, ரெண்டே ரெண்டு மீன் விட்டு, ஒரு மாசம் போல பழக விடணும். புதுத் தண்ணியில அதுங்க கழிவே அதுங்களுக்கு விஷமாயிடும். மேல வந்து வாயைத் திறந்தா பசி இல்லீங்க, மூச்சு முட்டுது. அப்ப தீனியைத்தான் நிறுத்தணும். தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்."

அக்காவுக்கு வாடை தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் தீனியை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று துறைத்தலைவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். அது வசதியாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. மிச்சமிருந்தவற்றில் மூன்று பிழைத்து உள்ளங்கை அளவு வளர்ந்தன. அவற்றைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்துப் போர்ஷன்காரருக்கு மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை கிடைத்துக் குழந்தையோடு போய்விட்டார்கள்.

அவர்கள் காலி செய்துபோன அந்த வாரம்தான் அக்காவிடம் சொன்னேன். அக்கா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புதுத் தொட்டி, விஷம், மூச்சுமுட்டல், தாய் மீன் கூடையில் போனது, எல்லாவற்றையும் சொல்லி, "உன் மேல தப்பே இல்லைக்கா. நான்தான் கொன்னேன்" என்றேன்.

அவள் கை நின்றது.

"எப்போடா தெரியும் உனக்கு?"

"ரெண்டே நாள்ல தெரிஞ்சுடுத்து."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் முறத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அப்போ குழந்தைக்கும் அப்படி வேற ஏதாவது இருந்திருக்குமோ? பாலாலே இல்லாம?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். விலங்கியல் படித்தவன் சொன்னால் அவள் நம்பியிருப்பாள். அவளிடம் அத்தனை பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு பொய் மட்டும் வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியாதுக்கா."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் என்னோடுதான் இருந்தாள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்தன. குளிப்பாட்டுவாள், தலை பின்னிவிடுவாள், ஜுரம் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் ஊட்டியதில்லை.