நாலு ஊருக்கு ஒரு மெம்பர்

ஸ்காட்லாந்தில் முன்பு இருந்து, இப்போது இல்லாமல் போன ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றை எழுதித்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். தொகுதியின் பெயர் இன்வர்னஸ் பர்க்ஸ். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. கைடு கொடுத்தார். அவர் தானே செய்வதாக இருந்து, செய்யாமல் விட்ட தலைப்பு அது.

இன்வர்னஸ், ஃபோர்ட்ரோஸ், ஃபோரஸ், நேர்ன் என்று நான்கு ஊர்கள். நான்குக்கும் சேர்த்து லண்டனில் ஒரே மெம்பர். ஒவ்வோர் ஊரின் நகரசபையும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். அந்த நான்கு பேர் ஓர் ஊரில் கூடி ஓட்டுப் போடுவார்கள். இரண்டுக்கு இரண்டு என்று வந்துவிட்டால், கூட்டம் நடக்கும் ஊர்க்காரருக்கு இன்னோர் ஓட்டு. அடுத்த தேர்தல் அடுத்த ஊரில். 1832இல் சட்டம் மாறி, ஓரளவு வசதியுள்ள வீட்டுக்காரர்கள் தாங்களே ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். 1918இல் தொகுதியைக் கலைத்து, ஊர்களைப் பக்கத்துத் தொகுதிகளில் சேர்த்துவிட்டார்கள். இதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. இன்வர்னஸுக்கு நான் போனதில்லை.

தீசிஸை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அப்பா ஒருவர்தான். தேர்வாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்தவர். டைப் அடித்த காகிதம் எதுவானாலும் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். என் அடிக்குறிப்புகளில் பதினொரு தவறு கண்டுபிடித்தார்.

அம்மா போன பிறகு திருவனந்தபுரத்தில் வலியசாலை வீட்டில் அப்பா தனியாக இருந்தார். நாங்கள் நான்கு பேர். அண்ணா சென்னையில், நான் இதே ஊரில் ஒரு ஃபிளாட்டில், தங்கை கோயம்புத்தூரில், தம்பி நாகர்கோவிலில். வருஷ காரியம் முடிந்த மறுநாள் என் ஃபிளாட்டில் கூடிப் பேசினோம். அப்பா சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்றான் அண்ணா. தங்கை அவன் பக்கம். அப்பாவை வலியசாலையை விட்டுப் பிடுங்கக் கூடாது என்றேன் நான். தம்பி என் பக்கம்.

“ரெண்டுக்கு ரெண்டு. இனி எந்தா செய்யறது?” என்றான் தம்பி.

நான் இன்வர்னஸ் வழக்கத்தைச் சொன்னேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அண்ணா யோசித்து, நியாயமாகத்தான் இருக்கிறது என்றான். கூட்டம் என் வீட்டில், எனவே கூடுதல் ஓட்டு எனக்கு. அப்பா வலியசாலையிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. மாலையில் போய் அப்பாவிடம் தெரிவித்தோம். “சரி” என்றார்.

நான்கு மாதம் கழித்து அண்ணா பையனுக்குச் சென்னையில் பூணூல். எல்லாரும் போயிருந்தோம். சாப்பாட்டுக்குப் பின் அண்ணா எங்களைத் தனியே கூப்பிட்டு, இது அடுத்த ஊர் என்று ஞாபகப்படுத்தினான். அப்பா சென்னைக்கு வருவது என்று முடிவாயிற்று. அப்பா ஊருக்குத் திரும்பி, பெரிய சூட்கேஸை இறக்கித் துடைத்து, துணிகளை அடுக்கினார். டிக்கெட் எடுப்பதற்குள் தம்பி நாகர்கோவிலில் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தான். அங்கே முடிவு மாறியது. அப்பா துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

மே மாதம் லீவுக்குத் தங்கை வந்தாள். அண்ணாவும் தம்பியும்கூட வந்திருந்தார்கள். எல்லாரையும் பொன்முடி மலைக்கு அழைத்துப் போக வேன் பிடித்தாள். மேலே ஒரே மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது கல்லாற்றில் ஒரு கடையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். “இந்தத் தடவை என் முறை. அப்பா சென்னைக்குப் போறா” என்றாள் தங்கை.

“கல்லாறு உன் ஊரா?” என்றேன்.

“வேன் நான்தானே பிடிச்சேன்? அப்போ இது என் ஊர்தான்.”

“வேனுக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்? கூட்டம் நகரசபை எல்லைக்குள்ளதான் நடக்கணும்.”

குரல் உயர்ந்தது. கடைக்காரர் பழம்பொரித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்திரண்டு எப்போ வரும்?” என்று கேட்டார்.

அண்ணாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர்கள் தாங்களே ஓட்டுப் போட ஆரம்பித்த வருஷம் அது என்று நான் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது.

“அப்பா ஓட்டு அப்பாக்கு” என்றான் தம்பி கடைசியில். “சொல்லுங்கோப்பா.”

வலியசாலை என்று அவர் சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணாவை எப்படிச் சமாதானம் செய்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

“சென்னை” என்றார் அப்பா.

“அங்கேயா? ஏன்ப்பா?” என்றேன்.

“தெருவுல பாதி ஆத்துல பூட்டு தொங்கறது. எதிராத்தை ஜவுளி கோடவுன் ஆக்கியாச்சு. சாயங்காலமானா வாயைத் தெறந்து பேச ஒரு மனுஷா வேண்டாமோ? நீ ஞாயித்துக்கிழமை வரே. நிக்கற நிலையில சாமானைக் குடுத்துட்டுப் போறே.”

எனக்கு முகம் சுட்டது. ஒரு வருஷமாக அவருக்காகத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். “மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீயே மூணாவது சாப்டர்ல எழுதியிருக்கியே, ஊர் ஜனங்க என்ன நெனச்சான்னு ரெக்கார்டு இல்லைன்னு” என்றார் அப்பா. பிறகு பழம்பொரி ஒன்று எடுத்துக்கொண்டார்.

வேனில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்தவள் அவள்தான். இருந்தாலும் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அப்பா போனார். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணாவின் அடுக்ககத்தில் மாலை நடைக்கு அவருக்கு ஐந்து பேர் கூட்டு. ஐந்து பேரும் அக்கவுண்ட்ஸ்காரர்கள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வலியசாலை வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டு, அங்கிருந்து போன் செய்கிறேன். முன்பு நேரில் பேசியதைவிட அதிகம் பேசுகிறோம்.

போன தடவை வலியசாலைக் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தார். ஒரு மாதம் இருப்பார் என்று நினைத்து, காலேஜில் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். நாலாம் நாள் காலையில், ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்டார்.